ஓலைக்கட்டும் அட்டவணையும்: தரவுத்தளங்களின் இரு மாதிரிகள் குறித்துச் சில குறிப்புகள்

1

கணினியில் தரவுகளை எப்படி அடுக்கி வைப்பது என்பது புரோகிராமர்களின் விவகாரம், நமக்கு அதில் என்ன ஜோலி என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். மொழி என்பது அதிகாரம் வேலை செய்கிற இடம் என்று இத்தனை காலமாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். அப்படியிருக்க, நிலமும் சாதியும் கூலியும் ரேஷனும் பதிவாகிக் கிடக்கிற ஒரு மொழியை மட்டும் 'அது டெக்னிக்கல்' என்று தள்ளி வைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சௌகரியம் நமக்கானதல்ல.

தரவுத்தளங்களை அமைப்பது குறித்து 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் பெரிய சண்டை ஒன்று நடந்தது. ஒரு பக்கம் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்ட ரிலேஷனல் மாதிரி. மறுபக்கம் ஆப்ஜெக்ட் மாதிரி. பாடப்புத்தகங்கள் இந்தச் சண்டையை வேகம், செலவு, வசதி என்று அளந்து முடித்துவிடுகின்றன. நாம் கேட்க வேண்டியது வேறு. பதிந்து வைக்கப்பட்ட தரவை யார், எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்க முடியும்?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டின் நில ஆவணங்களைப் படித்தால் ஒன்று புலப்படும். கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மண் இரண்டு மாதிரிகளின் கீழும் வாழ்ந்து பார்த்திருக்கிறது. ஓலைக்கட்டு ஒன்று, செட்டில்மென்ட் பதிவேடு மற்றொன்று. அவற்றுக்குப் போகும் முன் கணினித்துறைச் சண்டையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

2

1960களில் பெரிய நிறுவனங்களின் தரவு பெரும்பாலும் மரவடிவில் இருந்தது. அப்போலோ விண்வெளித் திட்டத்தின் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் இதற்கு உதாரணம். இயந்திரத்துக்குக் கீழே பாகம், பாகத்துக்குக் கீழே திருகாணி என்று மேலிருந்து கீழே இறங்கும் படிநிலை. ராக்கெட்டுக்கு இது சரி. சமூகத்துக்கு?

தோவாளைப் பக்கம் ஒரு வயல் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு உடைமைக்காரர் ஒருவர். பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுகிறவர் இன்னொருவர். மரவடிவில் உடைமைக்காரர் மேலே இருப்பார், அவருக்குக் கீழே வயல்கள், வயலுக்குக் கீழே பாட்டக்காரர். 'இன்னாருக்கு எத்தனை வயல்?' என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். 'இந்தப் பாட்டக்காரர் யார் யார் வயலைப் பயிரிடுகிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு உடைமைக்காரராக ஏறி இறங்க வேண்டும். கேள்வி தப்பில்லை. கேட்கிறவன் நிற்கிற இடம்தான் தப்பாகிப் போகிறது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன் இந்த மரத்தை வலையாக விரித்தார். ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் பல திசைகளில் சுட்டிகள் போட்டுக்கொள்ளலாம் என்றானது. 1973இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் புரோகிராமரைத் தரவுக் கடலில் வழி தேடிச் செல்லும் மாலுமியாக அவர் உருவகித்தார். நல்ல உருவகம்தான். ஆனால் வழியை முன்கூட்டியே யாரோ போட்டு வைத்திருந்தால்தான் மாலுமி போக முடியும். போடப்படாத வழியில் கேள்விக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் எட்கர் காட் வருகிறார். ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்து, பிறகு ஐபிஎம்மில் சேர்ந்தவர். மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையை வெறுத்து 1953இல் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர். 1970 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரையின் வாதம் எளிமையானது. தரவைப் பயன்படுத்துகிறவர் அது எந்த வழியில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. அதாவது வழிகளையே ஒழித்துவிடுவது.

எப்படி? ஆட்கள் என்று ஓர் அட்டவணை. நிலங்கள் என்று ஓர் அட்டவணை. உரிமை என்று மூன்றாவதாக ஒன்று: எந்த நிலம், எந்த ஆள், என்ன தகுதியில், எந்த ஆண்டில். அம்புட்டுதான். இதில் மேல் கீழ் கிடையாது. உடைமைக்காரரும் பாட்டக்காரரும் ஒரே அட்டவணையின் இரண்டு பதிவுகள்; தகுதி என்கிற கலத்தில் மட்டும்தான் வித்தியாசம். அட்டவணைகளைப் பொது மதிப்புகளைக் கொண்டு இணைத்துக்கொள்ளலாம். நிலத்திலிருந்து ஆளுக்கும் ஆளிலிருந்து நிலத்துக்கும் ஒரே எளிமையுடன் போகலாம். அமைத்தவர் கற்பனை செய்யாத கேள்வியைக்கூடக் கேட்கலாம். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் வடிவமைத்த மொழி, பின்னர் எஸ்க்யூஎல் என்று பெயர்பெற்று, இந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு காட் அணிக்கும் பாக்மன் அணிக்கும் நேருக்கு நேர் விவாதம் நடந்தது. 80களின் நடுப்பகுதிக்குள் வெற்றி யாருக்கு என்பது தெளிவாகிவிட்டது.

3

சொல் குறித்து ஒன்று. ரிலேஷனல் என்பதைத் தமிழில் 'உறவுமுறைத் தரவுத்தளம்' என்று எழுதுகிறார்கள். உறவு என்றதும் நமக்கு மாமன் மச்சான் ஞாபகம் வருகிறது. அட்டவணைகளுக்கு இடையிலான சொந்தபந்தம் என்று புரிந்துகொள்கிறோம். காட் சொன்ன 'ரிலேஷன்' அதுவல்ல. கணிதத்தில் அது ஒரு கணத்தின் பெயர், அட்டவணையே ரிலேஷன். அதன் ஒவ்வொரு பதிவும் 'இந்த ஆள் இந்த நிலத்தை இந்த ஆண்டில் பாட்டத்துக்குப் பயிரிட்டார்' என்பதுபோல ஓர் உண்மைக் கூற்று. ஆகவே ரிலேஷனல் தரவுத்தளம் என்பது பொருட்களின் கிடங்காக இல்லாமல் கூற்றுகளின் தொகுப்பாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

கூற்றுகளின் தொகுப்பு என்பதால் அதற்குச் சில கண்டிப்புகள் உண்டு. ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் இருக்கலாம். நம் ஆவணங்களில் நான்கெல்லை சொல்வார்கள் இல்லையா: கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் வயல் என்று. அந்த நான்கையும் ஒரே கட்டத்தில் திணிக்கக் கூடாது, தனி அட்டவணைக்குப் போக வேண்டும். பயிர் தனி, மரம் தனி, கடன் தனி. ஒரு வயல் பத்து அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும். வயல் என்ற முழுமை எங்கும் இருக்காது. கேட்கும்போது மட்டும் அது கூடி வரும்.

அடையாளமும் சிக்கலானது. அட்டவணையில் ஒரு பொருள் எது என்பதை அதன் மதிப்புகளே சொல்லியாக வேண்டும். புல எண் 112 பங்குபிரிந்து 112/1, 112/2 ஆகிறது. பிறகு 112/2ஏ, 112/2பி. பழைய 112 எங்கே போயிற்று? அதன் வரலாற்றைப் பிடித்துவைக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் உட்பிரிவு வழக்கோடு அலைந்தவர்களுக்கு இந்தத் தத்துவச் சிக்கலின் கனம் தெரியும்.

4

ஆப்ஜெக்ட் மாதிரியின் பிறப்பிடம் நார்வே. ஓஸ்லோவில் தாலும் நிகார்டும் 1960களில் உருவாக்கிய சிமுலா என்ற மொழியில்தான் இந்தச் சிந்தனை தொடங்குகிறது. பெயரே சொல்வதுபோல, நிஜ உலகத்தின் இயக்கங்களைக் கணினிக்குள் போலச்செய்து பார்ப்பது அதன் நோக்கம். உலகத்தில் அட்டவணைகள் இல்லை. தத்தம் குணங்களோடும் செயல்களோடும் பொருட்கள் இருக்கின்றன. அப்படியானால் கணினிக்குள்ளும் அவை அப்படியே இருக்கட்டும் என்பதுதான் வாதம். கிறிஸ்டன் நிகார்ட் இடதுசாரி. 70களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைக்குள் வரும் கணினியைத் தொழிலாளிகளே புரிந்துகொண்டு பேரம் பேசுவதற்கான திட்டத்தில் உழைத்தவர். மெக்கார்த்தியை வெறுத்த காட் அந்தப் பக்கம், தொழிற்சங்கத்து நிகார்ட் இந்தப் பக்கம். ஆகவே கர்த்தாவின் அரசியலைக் கொண்டு கருவியின் அரசியலைத் தீர்மானிக்கிற நம் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

ஆப்ஜெக்டைத் தமிழில் 'பொருள்' என்கிறோம். சாமான், செல்வம், அர்த்தம் மூன்றையும் குறிக்கிற சொல். எதேச்சையாக அமைந்தாலும் பொருத்தமானது. இந்த மாதிரியில் வயல் என்பது ஒரே பொருள். அதன் பரப்பு, எல்லைகள், பயிர், உடைமைக்காரர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அதன் தீர்வையைக் கணக்கிடும் முறைகூட அதற்குள் இருக்கும். நிலம் என்ற பொது வகுப்பு. அதன் கீழே வயல், விளை, உப்பளம். நிலத்துக்குள்ள பொதுக்குணங்கள் மூன்றுக்கும் இறங்கிவரும். விளைக்கு மட்டும் மரங்கள், உப்பளத்துக்கு மட்டும் பாத்திகள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று வகுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. எந்தத் திணையில் பிறந்தது என்பது அது ஏற்கும் வினைமுடிவைத் தீர்மானிக்கிறது. வகுப்பு முதலில், நடத்தை பிறகு.

இந்தப் பொருளுக்கு அதன் மதிப்புகளைச் சாராத சொந்த அடையாளம் உண்டு. எல்லை மாறலாம், உடைமைக்காரர் மாறலாம், புல எண்ணே மாறலாம். பொருள் அதே பொருள்தான். அட்டவணை தடுமாறிய இடத்தில் இது நிமிர்ந்து நிற்கிறது. இன்னொரு குணத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பொருளின் உட்புறத்தை வெளியார் நேரடியாகத் தொட முடியாது. அது திறந்துவிடுகிற வாசல்கள் வழியாகத்தான் கேட்கலாம். பொதிவு என்று இதைச் சொல்கிறார்கள். புரோகிராமர்களுக்கு இது பாதுகாப்பு. தரவுக்குக் கேள்வி கேட்கிறவனுக்கோ இது வாசற்காவல்.

5

1989இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் நடந்த மாநாட்டில் ஆறு ஆய்வாளர்கள் ஓர் அறிக்கையை முன்வைத்தார்கள். பெயர்: ஆப்ஜெக்ட் தரவுத்தளங்களின் 'மானிஃபெஸ்டோ'. ஆம், மார்க்ஸும் ஏங்கல்ஸும் வைத்த அதே பெயர்தான். ஒரு தரவுத்தளம் ஆப்ஜெக்ட் தரவுத்தளம் என்று அழைக்கப்பட வேண்டுமானால் கட்டாயம் இருக்க வேண்டிய பதின்மூன்று அம்சங்களை அது பட்டியலிட்டது. அடுத்த ஆண்டே ஸ்டோன்பிரேக்கர் தலைமையிலான அணி எதிர் அறிக்கை விட்டது: ரிலேஷனலின் அடித்தளத்தை இடிக்காமல் அதன்மீதே பொருட்களைச் சேர்க்கலாம் என்று. 1995இல் டார்வெனும் டேட்டும் மூன்றாவது அறிக்கை வெளியிட்டு இரண்டு தரப்பையும் சாடினார்கள். பொருளின் வகுப்பை அட்டவணையோடு சமப்படுத்துவது பெரும் பிழை. அட்டவணையின் ஒரு கட்டத்தில் உட்காரும் மதிப்பின் வகையாக அதை வைத்துக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம். ஆறு ஆண்டுகளில் மூன்று அறிக்கைகள். நமது குழுக்கள் தோற்றுப்போகும்.

சந்தை இந்த விவாதத்தைத் தன் போக்கில் தீர்த்துவைத்தது. ஜெம்ஸ்டோன், ஓடூ, ஆப்ஜெக்ட்ஸ்டோர், வெர்சன்ட் என்று வந்த ஆப்ஜெக்ட் தரவுத்தளங்கள் பொறியியல் வரைபடம், தொலைத்தொடர்பு போன்ற சில துறைகளில் நிலைத்தன. ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொதிந்த ஒரு விமான இறக்கையின் வரைபடத்தைத் துண்டு துண்டாக்கி அட்டவணையில் போட்டு மறுபடி கூட்டுவதைக் காட்டிலும் முழுசாக எடுப்பது வேகமானது. ஆனால் ஒரே தரவைப் பத்துப்பேர் பத்துவிதமாகக் கேட்கிற வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் அட்டவணையே நின்றது. நிரல்களைப் பொருட்களாக எழுதி, தரவை அட்டவணைகளில் வைத்து, இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளரை உட்காரவைப்பது வழக்கமாயிற்று. இன்று திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலேறிப் போகிற நாகர்கோவில் பிள்ளைகளில் பலருக்கு அன்றாடச் சோறு போடுவது இந்த மொழிபெயர்ப்பு வேலைதான்.

இந்த மொழிபெயர்ப்பின் முடிவற்ற தொல்லையை 2006இல் டெட் நியூவர்ட் என்பவர் 'கணினி அறிவியலின் வியட்நாம்' என்றார். நுழைவது எளிது, வெளியேற வழியில்லை என்பது அர்த்தம். இந்தப் பெயர் யாருடைய பக்கத்திலிருந்து வைக்கப்பட்டது? படையெடுத்துப் போனவனுக்குத்தான் வியட்நாம் ஒரு புதைகுழி. அங்கே வாழ்ந்தவனுக்கு அது வேறொன்று. கேள்வியைப் போலவே உருவகத்துக்கும் நிற்கிற இடம் ஒன்று உண்டு.

6

இனி நாஞ்சில் நாடு. தோவாளை வட்டம் அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பம் நாஞ்சில் நாட்டில் வரி, நிர்வாகம் சார்ந்த அதிகாரம் செலுத்திய குடும்பம். அவர்கள் வீட்டில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடிப் பார்த்துப் பிரதி செய்தார். அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து 'முதலியார் ஓலைகள்' என்ற நூலாக நமக்குக் கிடைக்கச் செய்தார். விலை, ஒற்றி, பாட்டம், கோவில், வாய்க்கால் என்று ஒரு நாட்டின் வாழ்வே அதில் கிடக்கிறது.

ஓர் ஓலையை எடுத்துப் பாருங்கள். கொல்லம் ஆண்டு, கொடுத்தவர், வாங்கியவர், நிலத்தின் பெயர், எல்லைகள், விலை, சாட்சி, எழுதியவர் எல்லாம் ஒரே பொருளுக்குள். எதையும் வெளியே தேட வேண்டாம். ஆப்ஜெக்ட்காரர்கள் கனவு கண்ட முழுமை இதுதான். நம் மரபுவாதிகள் இதைப் பார்த்து உருகுவதும் இந்த முழுமைக்காகத்தான்.

ஆனால் அந்த ஓலைகளில் ஆட்களை விற்றதும் இருக்கிறது. அடிமை ஓலைகள். நிலம் கைமாறுவது போலவே மனிதர்களும் விலைக்குக் கைமாறினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் அரச பிரகடனத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. ஓலைக்குள் பொருளாகப் பொதிக்கப்பட்ட அந்த ஆளின் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்போம்: 'இவர் எத்தனை முறை விற்கப்பட்டார்? இவருடைய பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனார்கள்?' ஓலைக்கட்டு பதில் சொல்லாது. அது உடைமைக்காரர் வீட்டில், உடைமைக்காரரின் ஒழுங்கில் கட்டப்பட்டது. உள்ளே போவதற்கு அவருடைய வாசல் ஒன்றுதான். ஒவ்வொரு ஓலையையும் பிரித்து, பெயர்களை எடுத்து, தனியே நிரல்படுத்தினால்தான் அடிமையின் பக்கத்துக் கேள்வி பிறக்கவே செய்யும். அப்படி நிரல்படுத்துவது என்பது வேறென்ன? அட்டவணை போடுவதுதான். கீழிருந்து வரலாறு எழுத முயல்கிற ஆய்வாளர் எவரும் முழுமையை உடைக்காமல் அதைச் செய்ய முடியாது.

மருமக்கள்வழியும் இப்படித்தான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே குடும்பச் சொத்து பிரிவினைக்கு உட்படாத ஒரே பொருள். அதன் வாசல் காரணவர். வரவு என்ன, செலவு என்ன, யாருக்கு எவ்வளவு என்று எந்த மருமகனும் நேராகச் சொத்தைக் கேட்க முடியாது. காரணவரைத்தான் கேட்க வேண்டும். அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் அந்தப் பொருளுக்குள் இடமே இல்லை; உகந்துடைமை என்று கிடைக்கிற சிறு பங்கு தவிர. பொதிவு என்று கணினித்துறை சொல்வதன் சமூக வடிவம் இது. கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18இல் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. அதில் பேசுகிறவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. சொத்துக்குள் பதிவே இல்லாத ஒருத்தியின் பக்கத்திலிருந்து அந்தச் சொத்தைக் கேள்வி கேட்பதுதான் அந்நூலின் கலகம். நகைச்சுவை நூல் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கூர்மையை மழுக்கிவிட்டோம். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பிரிக்க முடியாதிருந்த சொத்து ஆளுக்கு இத்தனை என்று பங்காயிற்று. ஒரு பொருள் பல பதிவுகளாக உடைந்தது. ஐந்தாம் மனைவியின் கேள்விக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

7

ஆக அட்டவணைதான் விடுதலை என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

திருவிதாங்கூர் அரசு 1883இல் தொடங்கி 1911இல் முடித்த ரெவின்யூ செட்டில்மென்ட், நாஞ்சில் நாடு கண்ட மாபெரும் அட்டவணை. ஒவ்வொரு துண்டு நிலமும் அளக்கப்பட்டு எண் பெற்றது. வயல் தரம் பிரிக்கப்பட்டது. விளைகளில் நின்ற தென்னை, பனை, கமுகு, பலா மரங்கள்கூட வரிக்காக எண்ணப்பட்டன. ஓலையின் முழுமை கலங்களாகப் பிரிந்தது. ஆனால் அந்தக் கலங்களைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: கரம் கட்ட வேண்டியவர் யார்? பனைமரத்துக்குக் கணக்கு உண்டு. தினம் இரண்டு வேளை அதில் ஏறி இறங்கியவனைப் பற்றி அந்தக் கேள்விக்கு அக்கறையில்லை. வயலுக்குத் தரம் உண்டு. நாற்று நட்டவளைப் பற்றி இல்லை. ஓலையில் அடிமை பொருளாகவாவது இருந்தான். அட்டவணையில் அவனுடைய பேரப்பிள்ளை பதிவாகவே இல்லை. ஓலை சிறைவைத்தது என்றால் அட்டவணை மறந்தது. எது மேல் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

இங்கேதான் ரிலேஷனல் மாதிரியின் வரம்பு வெளிப்படுகிறது. அதில் எந்தக் கேள்வியையும் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம் என்றேன். உண்மைதான், ஆனால் கலம் இருக்கிற விஷயத்தைப் பற்றி மட்டும். இல்லாத கலத்தைப் பற்றிக் கேட்டால், 'பதிவு இல்லை' என்று வராது. கேள்வியே பிழை என்று வரும். அட்டவணையின் ஜனநாயகம் கலங்களைத் தீர்மானித்த பிறகு தொடங்குகிறது. தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அட்டவணை ஒருபோதும் சொல்லாது.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. மொழிப்போராட்டத்தின் வெற்றியாக இதைப் படிக்கிறோம், சரி. இன்னொரு கோணத்தில் இது இரண்டு தரவுத்தளங்களின் இணைப்பு. கொல்லம் ஆண்டுக்குப் பதில் பசலி. மலையாள ஆதாரங்களுக்கு மேலே தமிழ்ப் பட்டா. ஸ்ரீபண்டாரவகை என்று திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியின் பெயரில் கிடந்த நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1964இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. தெய்வம் உடைமைக்காரராக இருந்த ஒரு வகையைப் புதிய அட்டவணையின் கலத்துக்குள் உட்கார வைக்க முடியாமல்தான் அந்தச் சட்டம்.

1969இல் தமிழ்நாடு அரசு வேளாண் நிலங்களின் குத்தகை உரிமைப் பதிவுக்கென்று சட்டம் இயற்றியது. தரவுத்தளப் பாஷையில் சொன்னால், இது இல்லாத ஓர் அட்டவணையைச் சேர்த்தது. பாட்டக்காரருக்கு முதல்முறையாகச் சொந்தப் பதிவு. இதைச் சாத்தியமாக்கியது தொழில்நுட்பமல்ல, விவசாய சங்கங்களின் நீண்ட போராட்டம். ஆனால் அட்டவணை இருப்பது வேறு, அதில் பெயர் ஏறுவது வேறு. வாய்ச்சொல்லில் பாட்டத்துக்கு விடுகிற வழக்கம் தொடர்கிற வரையில் காலியான அட்டவணையும் அட்டவணைதான். கலம் கேட்டு வாங்கிய இயக்கங்கள் அதை நிரப்புகிற அன்றாட வேலையில் எவ்வளவு தூரம் நின்றன என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

8

இன்று தமிழ்நாட்டின் நில ஆவணங்கள் கணினியில் இருக்கின்றன. மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்தால் யாரும் வீட்டிலிருந்தபடி பார்க்கலாம். கிராம அலுவலகத்துத் திண்ணையில் காத்துக் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். இதைக் குறைத்துப் பேசுவது மேட்டிமைத்தனம்.

ஆனாலும் கவனியுங்கள். உள்ளே இருப்பது அட்டவணை. நமக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது ஒரு வாசல்: எண்ணைக் கொடு, ஒரு பட்டாவை வாங்கிக்கொள். 'இந்தக் கிராமத்தில் பெண்கள் பெயரில் எத்தனை ஏக்கர்?', 'பத்து ஆண்டுகளில் நஞ்சையாக இருந்து வீட்டுமனையானது எவ்வளவு, யார் வாங்கியது?' என்றெல்லாம் அந்த வாசலில் கேட்க முடியாது. அட்டவணைகளை இணைக்கிற உரிமை, காட் எல்லோருக்குமாகக் கனவு கண்ட அந்த உரிமை, அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். குடிமகனுக்குக் கிடைப்பது ஓலை, ஒன்று ஒன்றாக. உள்ளே காட், வெளியே காரணவர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபிறகு அந்தக் கேள்விகளை மனுவாக எழுதிக் கேட்கலாம். அந்த மனுதான் நம் கையிலிருக்கிற எஸ்க்யூஎல்.

அப்படியானால் வாசலை அகலத் திறந்துவிட்டால் போதுமா? கர்நாடகத்தின் பூமி திட்டத்தைப் பற்றி சாலமன் பெஞ்சமினும் அவருடைய குழுவினரும் 2007இல் எழுதிய ஆய்வு இங்கே பாடமாகிறது. சிதறிக் கிடந்த கிராமக் கணக்குகள் ஒரே இடத்தில் ஒரே வடிவில் சேர்ந்தபோது, பெங்களூரைச் சுற்றிலும் பெரிய நிலம் தேடியவர்களுக்கே அது கூடுதல் வசதியாயிற்று என்பது அவர்களின் வாதம். கேள்வி கேட்கிற உரிமை சமமாகக் கிடைத்தாலும் கேட்கத் தெரிந்தவன், ஆள் வைத்துக் கேட்கக் கூடியவன்தான் முதலில் கேட்கிறான். பழையாற்றுப் பாசனத்து வயல்களில் மண் கொட்டி மனை போடுகிறவர்களுக்கும் அதே அட்டவணை பதில் சொல்லும்.

2021இல் மத்திய அரசு ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் பதினான்கு இலக்க அடையாளம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. நிலத்தின் மூலைகளுடைய அட்சரேகை தீர்க்கரேகையிலிருந்து உருவாக்கப்படுவது. பூ-ஆதார் என்கிறார்கள். இந்த மாவட்டத்தில் கிரயப் பத்திரத்துக்கே 'ஆதாரம்' என்றுதான் பெயர் என்பது ஒரு வேடிக்கை. உடைமைக்காரர் மாறினாலும் மாறாத அடையாளத்தை நிலத்துக்குக் கொடுப்பது ஆப்ஜெக்ட்காரர்களின் பழைய கனவு. அது அட்டவணையின் மேல் வந்து உட்காருகிறது. 90களின் சண்டை இப்படிச் சமரசமாகிவிட்டது. நிலம் தன் அடையாளத்தைப் பெற்றுவிட்டது. அதை உழுகிறவருக்கு இன்னும் ஒரு கலம் உறுதியாகவில்லை.

எந்த மாதிரி முற்போக்கானது என்று தேர்தல் வைப்பது வீண்வேலை. பொருள் முழுமையைக் காக்கிறது. ஆனால் உடைமைக்காரர் வாசலில் நம்மை நிறுத்துகிறது. அட்டவணை எல்லாப் பக்கத்தையும் திறக்கிறது. ஆனால் கலத்துக்கு வெளியே இருப்பவரை இல்லாமல் ஆக்குகிறது. எனவே இயக்கங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. கலங்களைத் தீர்மானிக்கும் இடத்தில் பாட்டக்காரரும் பனையேறியும் நாற்று நடுகிறவளும் இருக்க வேண்டும். இணைத்துக் கேட்கிற உரிமை அலுவலகத்துக்கு வெளியிலும் வேண்டும். ஒவ்வொரு பசலியிலும் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுகிறார். இந்தப் பயிரை இன்று இட்டது யார் என்று கேட்க அதில் இடமிருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.